கயிற்றில் இறங்கிய மரம்

இடது காலுக்கு உப்பு, வலது காலுக்குப் புகையிலை. அவரை நினைத்தால் எனக்கு முதலில் அந்த இரண்டு கால்கள்தான் கண்முன் வருகின்றன.

மழைக்காலத்தில் எங்கள் ஏலமலையில் அட்டை அதிகம். நாலு அடி எடுத்து வைப்பதற்குள் இரண்டு ஏறிவிடும். உப்பைத் தடவிக்கொண்டால் ஏறாது என்பார்கள் சிலர். புகையிலையைச் சுண்ணாம்போடு குழைத்துத் தடவினால்தான் ஏறாது என்பார்கள் வேறு சிலர். நாங்கள் கையில் எது இருக்கிறதோ அதைத் தடவிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவோம். அவர் மலைக்கு வந்து மூன்று மாதம் ஆனபோது மழை பிடித்தது. இரண்டையும் கேட்டு வாங்கினார். ஒரு காலில் ஒன்று, மறு காலில் மற்றொன்று. பூட்ஸைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டு, கால்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டிக்கொண்டு, விடிந்ததிலிருந்து உச்சிவரை ஓடைக்கரையிலேயே நடந்தார். களையெடுத்த பெண்களுக்கு வேலை ஓடவில்லை.

"ஏ ஆத்தா, இந்தக் கூத்தைப் பாரேன். ஐயாவோட காலு ரெண்டும் பாகம் பிரிச்சுக்கிருச்சு!"

உச்சிப் பொழுதில் உட்கார்ந்து அட்டைகளைப் பிடுங்கி எண்ணினார். உப்புக் காலில் பதினொன்று, புகையிலைக் காலில் நாலு. மறுநாள் உப்பை வலது காலுக்கு மாற்றிவிட்டார்.

"அதான் நேத்தே தெரிஞ்சுபோச்சே ஐயா" என்றேன். நான் அவரிடம் வலியப் போய்ப் பேசிய முதல் பேச்சு அது.

"என் எடது காலு ருசியான காலா இருந்தா?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் காலை, ஆட்கள் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் பெரட்டுக்களத்தில் வந்து நின்றார். "உப்புதான் செயிக்கும்னு எல்லார்ட்டயும் சொன்னேன்ல? நான் சொன்னது தப்பு. பொகையிலைதான்" என்றார். ஏதோ பரிசு வாங்கியவரைப்போல முகம் மலர்ந்திருந்தது. தப்பைச் சொல்லும்போது முகம் மலர்ந்த மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதற்குப் பின்னும் பார்க்கவில்லை.

அவர் பாரசீகத்துக்காரர். இந்த நூற்றாண்டு பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஏலம் தங்கள் நாட்டில் விளையுமா என்று பார்த்துவர அவருடைய அரசாங்கம் அனுப்பியிருந்தது. கடல் தாண்டிப் பல ஊர்களில் விவசாயம் படித்தவர் என்று முதலாளி சொன்னார். போடியிலிருந்து மெட்டு மலைப்பாதையில் ஏறும்போது, பெட்டிகள் ஏற்றிய கோவேறு கழுதையைத் தாமே பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். ஆட்டுத்தோல் குல்லாய் ஒன்று வைத்திருந்தார். மூடுபனியில் அது நனைந்துவிட்டால் அவர் வருவதற்கு முன்னால் ஆட்டு வாசனை வரும்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அப்போது அவரே சொல்லிக்கொடுத்துச் சரியாகச் சொன்னேன். இப்போது என் நாக்கில் அது தேய்ந்துபோயிருக்கிறது. நிச்சயமில்லாததை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பாரசீகத்து ஐயா என்றே எல்லோரும் கூப்பிட்டோம்.

நான் போடிக்குப் பக்கத்துச் சிலமலை ஊர்க்காரன். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அந்தத் தோட்டத்தில் செடிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருந்தது. ஆனாலும் நாலு பேர் கூடிவிட்டால் என் வாய் கட்டிக்கொள்ளும். கூலி ஆட்களிடம் "வெரசா வாங்க" என்று சொல்வதற்குக்கூட இரண்டு தரம் தொண்டையைச் செருமுவேன். அவர் எனக்கு நேர் எதிர். களையெடுக்கும் பெண்களிடமே தமிழ் கற்றுக்கொண்டார். அவர்கள் எங்களையெல்லாம் "அப்பு" என்று கூப்பிடுவதைக் கேட்டு, முதலாளியையும் ஒருநாள் "என்ன அப்பு, காப்பி குடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டார். முதலாளி போடியில் பெரிய நிலக்காரர். அவரை அப்பு என்று கூப்பிட அவருடைய தாயாருக்கு மட்டும்தான் உரிமை. முதலாளிக்கு முதலில் முகம் சிவந்தது. பிறகு "இன்னும் குடிக்கலை" என்றார்.

அதே முதலாளியிடம், செடியின் அடியில் காய்ந்து தொங்கும் தோகைகளை மழைக்கு முன்பே கழித்துவிட்டால் காய் கூடும் என்று அவர் யோசனை சொல்லியிருந்தார். இரண்டு வரிசையில் அப்படிச் செய்தோம். பறித்தபோது மற்ற வரிசைகளைவிடக் காய் குறைவு. யாரும் அதைக் கவனித்திருக்கமாட்டோம். அவரே அந்த வரிசைக் காயையும் மற்ற வரிசைக் காயையும் இரண்டு கூடைகளில் தூக்கிக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு வந்து, ஆட்களுக்கு முன்னால் வைத்து, "நான் சொன்ன வரிசை இது. பாருங்க, கொறைச்சல்" என்றார்.

முதலாளிக்குத் தர்மசங்கடம். "இதை எங்கிட்டத் தனியாச் சொன்னா ஆகாதா? எதுக்கு எல்லாருக்கும் முன்னாடி?"

"எல்லாருக்கும் முன்னாடிதான அப்பு செய்யச் சொன்னேன்?"

இந்தப் பதிலை நான் மறக்கவில்லை. இதை இன்னொரு முறை கேட்கவும் நேர்ந்தது.

இனி மரத்தின் கதைக்கு வருகிறேன்.

அப்போதெல்லாம் எங்கள் தோட்டத்தில் ஏலத்தை யாரும் விதைப்பதில்லை. மாசி மாதத்தில் காட்டுக்குள் ஒரு பெரிய மரத்தைத் தேர்ந்து வெட்டிச் சாய்ப்போம். அது விழும்போது மலையே கிடுகிடுக்கும். அந்த அதிர்ச்சியில் மண்ணுக்குள் தூங்கும் ஏலம் விழித்துக்கொள்ளும் என்பது எங்கள் நம்பிக்கை. நம்பிக்கை என்ன, கண்ணால் கண்டது. மூன்று மாதத்தில் மரம் விழுந்த இடத்தைச் சுற்றி ஏலம் தானாக முளைத்து நிற்கும். எந்த மரம் என்று தீர்மானிப்பவர் என் மாமனார். வெட்டுக்காரர்களுக்கு அவர்தான் தலைவர். ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார், காதை வைத்துக் கேட்பார், தேங்காய் உடைப்பார். அவர் காட்டிய மரத்தடியில் ஏலம் முளைக்காமல் போனதில்லை.

இதைக் கேட்டதும் பாரசீகத்து ஐயா குல்லாயைக் கழற்றி மாமாவுக்கு வணக்கம் சொன்னார். இவ்வளவு அழகான சேதியை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை என்றார். பிறகு கேட்டார்:

"மரம் சத்தமில்லாம எறங்குனா, ஏலம் முழிக்குமா?"

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "மரம் என்ன, மாடியில இருந்து எறங்குற பொம்பளைப் பிள்ளையா, சத்தமில்லாம எறங்க?"

"எறக்குவோம்" என்றார் அவர்.

மரம் விழும்போது இரண்டு காரியம் நடக்கிறது, மண் அதிர்கிறது, வெளிச்சமும் விழுகிறது, செடியை எழுப்புவது இரண்டில் எது என்று பார்க்கவேண்டும் என்றார். அவருக்கு வெளிச்சம்தான் என்று எண்ணம். அதையும் முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லி வைத்தார்.

மாமா இரண்டு மரங்களைக் காட்டினார். ஒன்றை வழக்கம்போல வெட்டிச் சாய்த்தோம். மண் அதிர்வதைப் பார்க்க வைத்திருந்த சொம்புத் தண்ணீர் அப்படியே கவிழ்ந்தது. ஆனால் அந்த இடத்தின்மேல் உடனே மூங்கில் தட்டியால் பந்தல் போட்டு, பக்கங்களையும் மறைத்துவிட்டோம். மழை ஒழுகும், வெயில் ஒழுகாது. அங்கே அதிர்ச்சி உண்டு, வெளிச்சம் கிடையாது.

இன்னொரு மரத்தைக் கயிற்றில் இறக்கினோம். சிலமலையில் என் அண்ணன் வீட்டுக் கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கும் கமலை வடத்தையும், இன்னும் நாலு வீட்டு வடங்களையும் கேட்டு மலைக்குக் கொண்டுவந்தேன். "மாடு இல்லாம மரத்துக்குக் கமலை கட்டப்போறானாம்" என்று ஊரே கேலி செய்தது. எட்டுப் பேர் உச்சியில் ஏறி ஒவ்வொரு கிளையாக வெட்டி, வடத்தில் கட்டி, தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி இறக்கினார்கள். அடிமரத்தையும் மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்கினோம். ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பது நாளும் அவர் கீழே சொம்புத் தண்ணீருக்கு முன்னால் குந்தியிருந்தார். இரண்டு தடவை தண்ணீர் லேசாக அசைந்தது. அதையும் எழுதச் சொன்னார். அங்கே வெளிச்சம் உண்டு, அதிர்ச்சி கிடையாது.

மாமா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "சாமி சத்தியமாச் சொல்றேன். பந்தலுக்குள்ளதான் மொளைக்கும். மொளைக்கலைன்னா இனிமே நான் கோடாலி தொடமாட்டேன்."

தினம் காலையில் இரண்டு இடத்திலும் செடிகளை எண்ணி நோட்டில் எழுதுவது என் வேலை ஆயிற்று. என் கையெழுத்தை வைத்தே அவர் தமிழ் எழுத்துப் படித்தார். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு போவார்.

ஆனி பிறந்தது. கயிற்றில் இறங்கிய மரத்தடியில் முதலில் ஐந்து, பிறகு இருபத்திரண்டு, பிறகு அறுபதுக்குமேல். பந்தலுக்குள் ஒன்றும் இல்லை. மாமா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. காலையில் நான் நோட்டோடு திரும்பும்போது என் முகத்தை மட்டும் பார்ப்பார். நாளாக நாளாக அதையும் நிறுத்திவிட்டார். சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறார் என்று என் மனைவி அழுதாள். அவருக்குக் கோடாலியைத் தவிர வேறு உலகம் கிடையாது.

ஒருநாள் உச்சிப் பொழுதில் மழை கொட்டியது. ஆட்கள் எல்லோரும் கொட்டகைக்குள் ஒதுங்கிவிட்டார்கள். நான் ஓடைக்கரைக்குப் போய், அங்கே தானாக முளைத்திருந்த பிஞ்சுச் செடிகளில் பதினேழை மண்ணோடு பெயர்த்துக்கொண்டு வந்து பந்தலுக்குள் நட்டேன். மறுநாள் நோட்டில் "பந்தல்: பதினேழு" என்று எழுதினேன்.

அவர் பந்தலுக்குள் ஓடினார். நான் பயந்தபடி முகம் சுருங்கவில்லை. கைகொட்டிச் சிரித்தார். "நான் தோத்தேன்! நான் தோத்தேன்!" என்று கத்திக்கொண்டு போய் என் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மாமா மரம்போல நின்றார். ஆட்கள் ஆரவாரம் செய்தார்கள். அதிர்ச்சிதான் முதலில் எழுப்புகிறது, கயிற்றில் இறக்கியபோது சொம்புத் தண்ணீர் அசைந்த அந்த இரண்டு அசைவே அங்கேயும் போதுமாக இருந்திருக்கும் என்று அவரே எங்கள் பக்கம் பேச ஆரம்பித்துவிட்டார்.

வேரைப் பார்க்க ஒரு செடியைப் பிடுங்கலாமா என்று என்னைக் கேட்டார்.

"வேணாம் ஐயா. பிஞ்சு" என்றேன்.

"நீ சொன்னாச் சரி" என்று கையை எடுத்துக்கொண்டார்.

தன் காலையே நம்பாமல் மாற்றி மாற்றிப் பார்த்தவர் அவர். என் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை தம் நாட்டுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். நான் விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோனேன். அவர் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார். "எங்க ஊரு பாதி மணலு. வடக்கே ஒரு கடலோரம் மட்டும் காடு. பெரிய பெரிய மரம். இனி அதுல பெரிய மரமாப் பாத்துச் சாய்க்கணும்னு எழுதணும். எனக்கு மனசு வரலை. ஆனா செடி சொல்லிருச்சுல்ல?"

தபால் ஓட்டக்காரர் மறுநாள் காலையில் போடிக்கு இறங்குவார். அன்றிரவு முழுவதும் நான் பார்த்திராத அந்தக் காட்டில் மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன.

விடிந்ததும் போனேன். அவருக்கு முன்னால் நோட்டைப் பிரித்து, பதினேழு என்பதை அடித்துவிட்டு, கீழே எழுதினேன்: "பதினேழும் நான் நட்டது. ஓடைக்கரையில் பெயர்த்தது. பந்தலுக்குள் முளைத்தது ஒன்றும் இல்லை." நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

விரலை வைத்துப் படித்தார். அத்தனை எழுத்தையும் தடவி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. நிமிர்ந்து என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"ஓடைக்கரையில அந்த எடத்துல வெளிச்சம் இருந்துச்சா?"

"இருந்துச்சு ஐயா. அங்கன ஒரு மரம் காத்துல முறிஞ்சு கெடக்கு."

தலையை ஆட்டிவிட்டு, எழுதி ஒட்டி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்தார். பிறகு என் தோளில் கையை வைத்தார்.

பெரட்டுக்களத்தில் சொன்னார்: "நேத்து நான் தோத்தேன்னு சொன்னேன். அது தப்பு. பந்தலுக்குள்ள ஒண்ணும் மொளைக்கலை. வேரை நான் பாத்திருக்கணும். பாக்கலை. அது என் தப்பு."

"அப்ப அந்தப் பதினேழும் வானத்துல இருந்தா விழுந்துச்சு?" என்று ஒருவன் கேட்டான். கூட்டம் சிரித்தது.

"நட்டவரு எங்கிட்டச் சொல்லிட்டாரு. மதி" என்றார். போதும் என்பதற்கு மலையாளத்துச் சொல்தான் அவருக்கு வரும்.

நான் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். அப்போது சொல்லியிருக்கவேண்டும். தொண்டையைச் செருமினேன், அவ்வளவுதான். எல்லோர் கண்ணும் என் மாமாமேல் போயிற்று. சத்தியம் செய்தவர் அவர்தானே. அவர் நடந்துபோய் ஐயாவின் காலடியில் கோடாலியை வைத்தார். ஐயா குனிந்து அதை எடுத்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.

"நீங்க மரத்தைச் சாய்ச்சு வானத்தைத் தொறந்தீக. செடி அதுக்குத்தான் முழிச்சுச்சு. எந்த மரத்துக்கு மேல வானம் இருக்குன்னு ஒங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. சின்ன மரம் போதுமான்னு அடுத்த மாசியில நீங்களே பாருங்க."

நல்ல வார்த்தைதான். ஆனால் குற்றவாளிக்குச் சொன்ன ஆறுதலாகவே மற்றவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ஆவணியில் ஐயா நோட்டையும் எடுத்துக்கொண்டு மலையிறங்கினார். அதற்குப் பிறகு பையன்கள் மாமாவைக் கண்டால், "மாமோய், இன்னைக்கு எத்தனை நட்டீக?" என்பது வழக்கமாகிவிட்டது. மாமா பதில் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. சின்ன மரமே போதும் என்று மாமா வெட்டிப் பார்த்ததில் தெரிந்தது. சின்ன மரங்களை வெட்டி, பெரிய மரங்களைக் காப்பாற்றிய தோட்டம் எங்களுடையது என்று பெயர் வந்தது. அந்தக் கேலியும் கூடவே வளர்ந்தது. இருபது வருஷம்.

போன மாதம் போடியில் என் வீட்டு முற்றத்தில் காய் காயப்போட்டிருந்தோம். இப்போது எனக்கும் கொஞ்சம் ஏலக்காடு உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமா வெயிலில் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்குகிறார். ஒரு கண்ணில் பார்வை இல்லை. கம்பம் ஊர்க்காரர் ஒருவர் காய் பார்க்க வந்தார். பம்பாய் வியாபாரியிடம் வேலை செய்பவர், கப்பலில் பாரசீகம்வரை போய் வருகிறவர்.

"அண்ணே, ஒரு அதிசயம் கேளுங்க" என்று அவர் ஆரம்பித்தார். "அங்க ஒரு விவசாயப் பள்ளிக்கொடம். சரக்கு விசயமாப் போனேன். உள்ள போனா செவத்துல கண்ணாடி போட்டுத் தமிழ் எழுத்துத் தொங்குது! எனக்கு மயக்கமே வந்திருச்சு."

அந்தப் பள்ளியின் பெரியவர் முன்பு அந்த நாட்டுக்கே விவசாய மந்திரியாக இருந்தவராம். தாம் ஊரெல்லாம் கொடுக்கச் சொன்ன விதை சரியில்லை என்று சபையில் எழுந்து அவரே சொன்னாராம். ஒரு மந்திரி இதை எல்லோருக்கும் முன்னால் சொல்லலாமா என்று கேட்டார்களாம். எல்லோருக்கும் முன்னால்தானே விதைக்கச் சொன்னேன் என்றாராம். மந்திரி வேலை போயிற்று. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டார். கேள்விப்பட்டதைத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்தப் பதிலைக் கம்பத்துக்காரர் கற்பனை செய்திருக்க முடியாது.

"பதினேழுன்னு எழுதி அடிச்சிருக்கு. கீழ, பதினேழும் நான் நட்டதுன்னு இருக்கு. அங்க அந்தப் பெரியவரைத் தவிர ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது. புதுசா வர்ற பிள்ளைகளை முதல் நாள் அதுக்கு முன்னாடி நிப்பாட்டி, யாரும் பாக்காததைத் தானா எழுதுனவரோட கையெழுத்துன்னு சொல்லுவாராம். போடிப் பக்கத்து ஆளுன்னாரு. யாருன்னு தெரியுமாண்ணே?"

முற்றத்தில் கைகள் நின்றுவிட்டன. ஒருவன் மெல்ல மாமா பக்கம் திரும்பினான். அவன் உதட்டில் அந்தப் பழைய சிரிப்பு வருவதைப் பார்த்தேன்.

இரண்டு தரம் தொண்டையைச் செருமினேன்.

"நான்தான்" என்றேன். "பதினேழையும் நான்தான் நட்டேன். மாமாவுக்கு அதுல ஒண்ணுமில்லை. இருவது வருசமா நான் வாயைத் தொறக்கலை."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மாமா தலையைத் திருப்பினார்.

"தெரியும் மாப்ளே."

"மாமா?"

"பந்தலுக்குள்ள செம்மண்ணு. அந்தச் செடிக அடியில ஓடைக்கரைக் கருமண்ணு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அந்த மனுசன் என்னையக் கட்டிப்பிடிச்சாரே, அப்பவே பாத்துட்டேன். பாத்துட்டும் சும்மா நின்னேன். நீயாவது மறுநாள் எழுதிக் குடுத்த. நான் அதுவும் செய்யலை. பேனாவை எடு."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "அது ஓடைக்கரைச் செடி என்று அன்றைக்கே எனக்கும் தெரியும். சொல்லவில்லை." வாசித்துக் காட்டியதும் கட்டைவிரலை நீட்டினார். மை தடவி, காகிதத்தில் நானே அழுத்தினேன். கோடாலி பிடித்துத் தேய்ந்த விரல், ரேகை பாதிதான் விழுந்தது.

கம்பத்துக்காரர் காகிதத்தை ஊதி உலர்த்தி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மாமா அந்தப் பை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் செவத்துல எடம் இருக்குமாப்பா?"

"பெரிய செவருதான் ஐயா" என்றார் அவர்.